மீட்டர் சிவக்காமலே உடைந்த தவில்: இசைத்தட்டுகளைக் கணினியில் பதியும்போது ஒலி மட்டம் வைப்பது பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலை உப்புவெளியில் உள்ள பெரியம்மாவின் வீட்டில், பெரியப்பா விட்டுச் சென்ற இசைத்தட்டுகள் 46 இருந்தன. அவற்றில் 31 தட்டுகள் நிமிடத்துக்கு 33⅓ தடவை சுழலும் 12 அங்குல எல்.பி. தட்டுகள், மிகுதி 15 தட்டுகளும் 45 தடவை சுழலும் 7 அங்குலச் சிறு தட்டுகள். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த பெரியப்பா கொழும்புக்குப் போகும் தடவைகளில் ஒன்றிரண்டாக வாங்கிச் சேர்த்தவை அவை. மாரிமழைக் காலத்தில் உறைகளுக்குள் பூஞ்சணம் பிடிப்பதும், கச்சான் வீசும் மாதங்களின் வெக்கையில் தட்டுகள் நெளிவதும் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போனதால், எல்லாவற்றையும் கணினியில் பதிந்து வைக்கும்படி பெரியம்மா என்னிடம் கேட்டார். அந்த வேலையில் நான் விட்ட பிழை ஒன்றையும், அது எப்படிப் பிடிபட்டது என்பதையும், அதன் பிறகு ஒலி மட்டத்தை எவ்வாறு வைத்தேன் என்பதையும் இங்கே முழுமையாக எழுதுகிறேன். இந்த வேலையை வீட்டில் செய்பவர்களில் பலர் இதே பிழையைச் செய்துவிட்டு, ஒலி மட்டம் காட்டும் மீட்டர் சிவக்கவில்லை என்ற நம்பிக்கையில் இருந்துவிடக்கூடும் என்பது என் எண்ணம்.

கருவிகள் எளியவை. பெரியப்பாவின் பழைய சுழல்மேசை. அதில் புதிதாக ஊசி மாற்றிய, ஊசியின் அசைவை மின்குறியாக்கும், காந்தம் அசையும் வகைக் கார்ட்ரிட்ஜ். அதிலிருந்து வரும் சிறு மின்குறியைப் பெருக்கி, எண்களாக மாற்றி, யூஎஸ்பி வடத்தின் வழியாக மடிக்கணினிக்கு அனுப்பும் உள்ளங்கையளவு முன்பெருக்கிப் பெட்டி. பதிவுக்கு ஆடாசிட்டி மென்பொருள். இவ்வகைக் கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம் பொதுவாக 5 மில்லிவோல்ட் அளவே இருக்கும் என்பதால், பெட்டி அதை முதலில் ஏறத்தாழ 100 மடங்கு, அதாவது 40 டெசிபெல், பெருக்குகிறது. தட்டு வெட்டப்படும்போது தாழ்ந்த சுருதிகள் குறைக்கப்பட்டும் உயர்ந்த சுருதிகள் கூட்டப்பட்டும் பதியப்படுகின்றன. 1950களின் நடுப்பகுதியில் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பெயரில் ஒரே சீராக்கப்பட்ட அந்த வளைவைத் தலைகீழாகத் திருப்பிச் சமன்செய்வதும் இதே பெட்டிதான். அதற்குப் பின்னால், எண்ணாக்கும் சில்லுக்கு முன்னால், பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழ் ஒன்று இருக்கிறது. இந்த நிகழ்வு முழுவதும் அந்தக் குமிழையும், கணினித் திரையில் தெரிகிற பதிவு ஸ்லைடரையும் பற்றியது.

முதல் நாள் நான் எடுத்த தட்டு, ஒரு பக்கத்தில் 25 நிமிடத்துக்கும் மேல் ஓடுகிற ஒரு பக்திப் பாடல் எல்.பி. அவ்வளவு நேரத்தை ஒரு பக்கத்தில் அடக்க வேண்டுமானால் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கி வெட்டினால் அவை பக்கவாட்டில் அதிகம் அசைய முடியாது. ஆகவே இத்தகைய தட்டுகள் குறைந்த ஒலியிலேயே வெட்டப்படுகின்றன. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. மீட்டர் கீழே கிடப்பதைப் பார்த்தவுடன், கசெட்டில் பதிந்து பழகிய கை தானாகவே குமிழை வலப்பக்கம் திருப்பியது. கசெட் நாடாவில் ஒலியைத் தாழ்த்திப் பதிந்தால் நாடாவின் இரைச்சல் மேலெழும். கொஞ்சம் கூட்டிப் பதிந்தால் நாடா அதைப் பொறுத்துக்கொண்டு, உச்சியை மெல்ல வளைத்து வாங்கிக்கொள்ளும். அதனால் முள் சிவப்பைத் தொட்டுத் தொட்டு வரும்படி வைப்பதே நல்ல பதிவு என்று அந்தக் காலத்தில் படித்திருந்தோம். கடிகார முகத்தில் சொல்வதானால், குமிழை 3 மணி நிலைக்குக் கொண்டுபோய், அங்கேயே விட்டுவிட்டேன்.

நான்காவது நாள் வந்தது ஒரு நாதஸ்வர-தவில் கச்சேரித் தட்டு. ஊசி இறங்கிய ஒரு நிமிடத்துக்குள் மீட்டர் சிவந்தது. நான் பதிவை நிறுத்தி, திரையில் இருந்த ஸ்லைடரை, உச்சம் −5 டெசிபெலுக்கு (0 என்பது மீட்டரின் மேல் எல்லை) மேல் போகாத இடம் வரை இழுத்துக் குறைத்தேன். திரும்பப் பதிந்தபோது ஒரு தடவைகூடச் சிவக்கவில்லை. ஒலியலையின் உச்சி வெட்டுப்பட்ட இடங்களைச் சிவப்புக் கோடாகக் காட்டும் வசதியையும் இயக்கிப் பார்த்தேன். ஒரு கோடும் விழவில்லை. அந்த ஒழுங்கிலேயே அந்தத் தட்டின் இரு பக்கங்களையும், தொடர்ந்து வேறு 9 பக்கங்களையும் பதிந்து முடித்தேன்.

பெரியம்மா அந்தக் கோப்பைக் கேட்டது இரண்டு கிழமைகளுக்குப் பின்னர். ஆலாபனை முடியும் வரை கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர், தவில் சேர்ந்தவுடன் நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, தவில் உடைஞ்சு கேக்குது. உங்கட பெரியப்பா போடேக்க இப்பிடி இல்லையே. தோல் கிழிஞ்ச தவில் மாதிரி இருக்கு” என்றார். ஊசி தேய்ந்திருக்கும், அல்லது தட்டின் உள்வட்டத்துக் கோளாறாக இருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். உள்வட்டத்துக்கு வர வர ஒரு சுற்றின் நீளம் குறைவதால் ஊசிக்கடியில் பள்ளம் மெதுவாக நகர்கிறது, நுண்ணிய அசைவுகள் நெருங்கிவிடுகின்றன, அங்கே ஒலி கரகரப்பது வழமை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்தத் தட்டில் உடைவு தொடக்கத்திலிருந்தே, வெளிவட்டத்திலேயே இருந்தது. ஊசியும் புதியது. பெரியம்மா வாதாடவில்லை, தட்டை நேரே போட்டுக் காட்டச் சொன்னார்.

அதுவே முதற் சோதனையாயிற்று. கணினியைக் கழற்றிவிட்டு, முன்பெருக்கியின் சாதாரண ஒலிவழியை வீட்டுப் பெருக்கியில் செருகிப் போட்டபோது, தவில் முழுமையாக, வலந்தலையின் கூர்மையும் தொப்பியின் அதிர்வும் தனித்தனியே தெரியும்படி கேட்டது. குறை தட்டிலோ ஊசியிலோ முதற்கட்டப் பெருக்கத்திலோ இல்லை. அதற்குப் பின்னால்தான் எங்கேயோ இருந்தது.

பதிவுக் கோப்பைத் திறந்து, ஒரு தனித் தவில் அடியின் மேல், மில்லிசெக்கன்கள் தெரியும் வரை பெரிதாக்கிப் பார்த்தேன். உச்சி வட்டமாக வளைந்து இறங்க வேண்டிய இடத்தில், அலையின் உயரத்தைக் கணத்துக்குக் கணம் அளந்து எழுதிய மாதிரிப் புள்ளிகளில் பத்துப் பன்னிரண்டு ஒரே உயரத்தில், ஒரு நேர்கோட்டில் நின்றன. அடுத்த அடியிலும் அதே உயரம். பத்து நிமிடம் தள்ளிப் போய்ப் பார்த்தாலும் அதே உயரம்: மேலே 0.56, கீழே −0.56. முழு அளவு 1 என்று கொண்டால், −5 டெசிபெல் என்பது அந்த 0.56தான். கதியால் வேலியை ஒரே மட்டத்துக்குக் கத்தியால் சீவிவிட்டது போல, அந்தப் பக்கத்தின் சத்தமான அடிகள் எல்லாம் ஒரே உயரத்தில் தலை இழந்திருந்தன. இயற்கையான எந்த இசையிலும் இருபது நிமிடத்து உச்சிகள் ஒரே எண்ணில் வந்து நிற்க மாட்டா.

ஏன் சிவக்கவில்லை என்பது அப்போது விளங்கியது. மின்குறி எண்ணாக மாறும் இடத்தில் ஒரு கூரை இருக்கிறது. அதற்கு மேல் எழுத எண் கிடையாது. நான் குமிழை அதிகம் திறந்து வைத்திருந்ததால், தவிலின் உச்சிகள் பெட்டிக்குள்ளேயே அந்தக் கூரையில் மோதி வெட்டுப்பட்டன. கணினியில் உள்ள ஸ்லைடரோ, என் கருவிகளைப் பொறுத்தவரை, எண்ணாகி முடிந்த பிறகு வேலை செய்கிற ஒன்று. அது வெட்டுப்பட்ட அலையை அப்படியே வாங்கி, ஒவ்வோர் எண்ணையும் ஒரே விகிதத்தில் சிறிதாக்கியது. மீட்டரும் சிவப்புக் கோடும் பார்ப்பது தமக்கு வந்து சேரும் எண் 1ஐத் தொடுகிறதா என்பதை மட்டுமே, 0.56இல் தலை சீவப்பட்ட அலை அவற்றின் கண்ணுக்குக் குற்றமற்ற அலை. மென்பொருள் தன் கடமையைச் சரியாகவே செய்தது. நான் சிவப்பை அணைத்தேனே தவிர, அது எதற்காக எரிந்ததோ அதைத் தீர்க்கவில்லை.

ஊகமாக விட்டுவிடாமல், இதைச் சோதித்தும் பார்த்தேன். தட்டின் அதே இடத்தைப் பதிந்துகொண்டு ஸ்லைடரை மேலும் இறக்கினேன். தட்டையான உச்சி 0.25க்கு இறங்கியது, ஆனால் தட்டையாகவே இருந்தது. பிறகு ஸ்லைடரை முழுதாக ஏற்றிவிட்டுப் பெட்டியின் குமிழை மட்டும் 11 மணி நிலைக்குத் திருப்பினேன். உச்சிகள் வட்டமாயின, ஒவ்வோர் அடியும் தன் தன் உயரத்துக்குப் போய் வந்தது. வீட்டில் பதிகிற எவரும் இந்தச் சோதனையை ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். தம்மிடமுள்ள ஸ்லைடர் எண்ணாக்கத்துக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதை, எந்தக் கையேட்டையும் விட நிச்சயமாக இது சொல்லிவிடும்.

இன்னொன்றையும் அன்று கண்டேன். மின்காந்த இரைச்சலைத் தவிர்க்கவென்று, முன்பெருக்கிப் பெட்டியை மேசைக்குக் கீழே, முகம் சுவரைப் பார்க்கும்படி வைத்திருந்தேன். அதன் முகப்பில், உள்ளே வெட்டு விழும்போது எரிகிற சிறு சிவப்பு விளக்கு ஒன்று இருக்கிறது. குமிழைப் பழைய நிலைக்குத் திருப்பி வைத்து, குனிந்து சுவரைப் பார்த்தபோது, ஒவ்வொரு தவில் அடிக்கும் வெள்ளைச் சுவரில் ஒரு செம்பொட்டு விழுந்து விழுந்து மறைந்தது. இரண்டு கிழமைகளாக அது அங்கே எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இப்போது பெட்டி மேசைமேல், கண்ணுக்கு நேரே இருக்கிறது.

அதன் பிறகு நான் கைக்கொண்ட முறையைச் சொல்கிறேன். ஸ்லைடரை, கூட்டாமலும் குறைக்காமலும் மின்குறியை அப்படியே விடுகிற நிலையில் ஒரு தடவை வைத்துவிட்டேன். என் கணினியில் அது 100 என்ற நிலை. அதன் மேல் பிறகு கை வைப்பதில்லை. மட்டத்தை வைப்பது குமிழால் மட்டுமே. ஒவ்வொரு தட்டுக்கும் மிகச் சத்தமான இடத்தைத் தேடிப் பார்த்தே வைக்க வேண்டும். தொடக்கத்துத் தம்புராச் சுருதிக்கோ ஆலாபனைக்கோ வைத்தால், பின்னால் வருவது கூரையை முட்டும். தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால், சத்தமான பகுதிகள் அகன்ற, சொரசொரத்துப் பளபளக்கும் வளையங்களாகவும், மெல்லிய பகுதிகள் நெருங்கிய, கருத்த வளையங்களாகவும் தெரியும். கச்சேரித் தட்டுகளில் தனி ஆவர்த்தனம் பெரும்பாலும் பக்கத்தின் பிற்பகுதியில் இருக்கும். வெளிவட்டம், நடு, உள்வட்டம் என மூன்று இடங்களில் ஊசியை மெதுவாக இறக்கிக் கேட்டு, அந்தச் சோதனையில் உச்சம் −12 டெசிபெல் வரும்படி குமிழை வைக்கிறேன். சோதனையில் அகப்படாத ஓர் அடி எங்கேயாவது இருக்கும் என்று எதிர்பார்த்து விட்டுவைக்கும் இடைவெளி அது. முழுப் பக்கமும் ஓடி முடிந்தபின் உச்சம் −6க்கும் −9க்கும் இடையில் நின்றால் எனக்குத் திருப்தி. பதிவு ஓடும்போது குமிழைத் தொடுவதே இல்லை; வித்துவான் வேண்டுமென்றே தாழ்த்தி வாசித்த இடத்தைக் கை உயர்த்திவிட்டால், அந்தக் கச்சேரியின் ஏற்ற இறக்கம் கெட்டுப்போகும். ஒரே தட்டின் இரு பக்கங்களுக்கும் ஒரே மட்டம்.

தாழ்த்திப் பதிந்தால் தரம் குறையாதா என்பது நியாயமான கேள்வி. எனக்கும் அந்தப் பயம் இருந்ததனால்தான் குமிழை அவ்வளவு திறந்தேன். இதை அளந்து பார்த்தேன். ஸ்லைடர் முழு நிலையில், குமிழ் 3 மணியில் இருக்கும்போது, பாட்டுத் தொடங்குவதற்கு முன் வரும் வெற்றுப் பள்ளத்தில் ஊசி உரசும் இரைச்சல் −44 டெசிபெலும், ஊசியைத் தூக்கிவிட்டால் கருவிகளின் இரைச்சல் −62 டெசிபெலும் இருந்தன. குமிழை 11 மணிக்கு இறக்கியபின் அவை −55, −73 ஆயின. இசையின் உச்சம் இப்போது −7. அதாவது குமிழ் 11 டெசிபெல் குறைத்தது. இசையும் தட்டின் இரைச்சலும் கருவியின் இரைச்சலும் சேர்ந்தே இறங்கின. அவற்றுக்கிடையிலான தூரம் இம்மியும் மாறவில்லை. அந்த உச்சம் பழைய நிலையில் +4இல் இருந்திருக்க வேண்டும் என்பதும் இதே கணக்கில் வருகிறது. கூரையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் உயர்ந்திருக்க வேண்டிய அடிகளை நான் கூரையோடு வெட்டியிருந்தேன்.

என் பெட்டி 16 பிட்டில், செக்கனுக்கு 48,000 மாதிரிகள் எடுக்கிறது. 16 பிட் என்பது ஏறக்குறைய 96 டெசிபெல் வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிகச் சத்தமான ஒலிக்கும் இடையிலான தூரம். ஒவ்வொரு 6 டெசிபெல் தாழ்த்தும்போதும் ஒரு பிட் பயன்படாமல் போகிறது என்பதால், உச்சத்தை −12இல் வைத்தாலும் 84 டெசிபெல் மிஞ்சுகிறது. நல்ல நிலையில் உள்ள எல்.பி. தட்டு ஒன்றின் வீச்சு 60 முதல் 70 டெசிபெல். பெரியப்பாவின் தட்டில் அது 50 டெசிபெலைக்கூடத் தொடவில்லை. எண்ணாக்கத்தின் அடித்தளம் தட்டின் இரைச்சலுக்கு மிகவும் கீழே கிடக்கிறது; கசெட்டைப் போல அது மேலே வந்து காதில் விழ வழியில்லை. 24 பிட் கருவி இருப்பவர்கள் இன்னும் தாராளமாக இறக்கி வைக்கலாம். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ. தன் வழிகாட்டலில் குறைந்தது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் கேட்கிறது. 96 கிலோஹெர்ட்ஸைப் பரிந்துரைக்கிறது. ஆகவே நான் பதிந்தவை குடும்பம் கேட்பதற்குப் போதுமானவையே தவிர, காப்பகம் ஒன்றுக்குக் கொடுக்கத் தக்கவை அல்ல. அரிய தட்டு வைத்திருப்பவர்கள் இந்த வேறுபாட்டை மனதில் கொள்ள வேண்டும்.

மட்டத்தைக் குழப்புகிற இரண்டு விடயங்களை இந்தத் தட்டுகளில் கண்டேன். ஒன்று நெளிவு. வெக்கையில் வளைந்த தட்டில் ஊசிக்கை ஏறி இறங்கும் அசைவும் மின்குறியாக மாறுகிறது. 33⅓ சுற்றில் ஒரு நெளிவு செக்கனுக்கு அரைத் தடவைக்குச் சற்று மேல் வரும். அதன் கூறுகளும், ஊசிக்கையின் சொந்த அதிர்வும் 10 ஹெர்ட்ஸைச் சுற்றி வந்து சேரும்போது, காதுக்கு எதுவுமே கேட்காமல் மீட்டர் மட்டும் மூச்சு விடுவது போல ஏறி இறங்கும். இதைப் பின்னர் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டி நீக்கிவிடலாம். ஆனால் பதியும் நேரத்தில் அந்த அலையின் முதுகில் ஏறித்தான் இசை வருகிறது; அதற்கும் சேர்த்து இடம் விட வேண்டும். நெளிந்த தட்டுகளுக்கு நான் மேலும் 3 டெசிபெல் இறக்கினேன்.

மற்றது கீறலும் பூஞ்சணமும் தருகிற வெடிப்பொலி. 7 அங்குலத் தட்டு ஒன்றில் பாட்டின் உச்சம் −14ஆக இருக்க, ஒரு கீறல் −1 வரை எகிறியது. மீட்டர் காட்டும் பெரிய எண் இசையுடையதா கீறலுடையதா என்று காதால் பிரித்தறியாமல் குமிழைத் தொடக் கூடாது. முதலில் காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்துணியால் பள்ளத்தின் போக்கிலேயே கழுவி, மீண்டும் வெறும் வடிநீரால் அலசி நிழலில் உலர்த்தினேன். வெடிப்புகளில் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியவற்றுள் அபூர்வமாக ஒன்று கூரையைத் தொட்டாலும் நான் பதிவை நிராகரிப்பதில்லை, ஏனெனில் அது எப்படியும் திருத்தத்தில் நீக்கப்படப் போகிற ஒலி. இசையின் ஓர் அடி தொட்டால் மட்டும் பக்கம் முழுவதையும் திரும்பப் பதிகிறேன்.

இரைச்சலைக் குறைக்க வேண்டுமென்றால் அதற்கான இடம் குமிழ் அல்ல. எங்கள் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் உறுமல், ஊசிக்கையிலிருந்து வரும் மெல்லிய நிலவடத்தைப் பெட்டியின் திருகாணியில் இறுக்கியவுடன் பாதிக்கு மேல் போயிற்று. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் மீதியும் அடங்கியது. மேசையை மின்விசிறிக்குக் கீழிருந்து நகர்த்தினேன். ஒலிபெருக்கிகளை அணைத்து ஹெட்போனில் மட்டுமே கேட்டேன், ஏனெனில் அறையில் எழும் ஒலி ஊசியையும் அசைக்கும். பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி ஓயும் இரவு ஒன்பது மணிக்குப் பிறகே பதிவைத் தொடங்கினேன்.

பதிந்து முடித்த மூலக் கோப்பைத் தாழ்ந்த மட்டத்திலேயே, தொடாமல், தரம் குறையாமல் சுருக்குகிற ஃப்ளாக் வடிவத்தில் சேமித்தேன். ஒரு நிமிடம் ஏறத்தாழ 11.5 மெகாபைட், 20 நிமிடப் பக்கம் சுருக்குவதற்கு முன் 230 மெகாபைட். பெரியம்மா கேட்கிற பிரதியில் மட்டும், கீறல் நீக்கி, ஒற்றை வழி (மோனோ) தட்டுகளின் இட, வல ஒலிவழிகள் இரண்டையும் சராசரியாக்கிச் சேர்த்து, கடைசியில் உச்சத்தை −1க்கு உயர்த்தினேன். அப்படி உயர்த்துவதைத் தட்டு முழுவதற்கும் ஒரே அளவாகச் செய்ய வேண்டும். பாட்டுக்குப் பாட்டு தனித்தனியே உயர்த்தினால், மெல்லிய தாலாட்டும் மல்லாரியும் ஒரே சத்தத்தில் வந்து நிற்கும்.

கெட்டுப்போன 11 பக்கங்களில் 9 பக்கங்களைத் திரும்பப் பதிந்தேன். நாதஸ்வரத் தட்டைக் கேட்ட பெரியம்மா, தவில் சேரும் இடத்தில் இந்தத் தடவை கண்ணைத் திறக்கவில்லை. எஞ்சிய 2 பக்கங்களும் ஒரே தட்டினுடையவை. அது எங்கள் தட்டு அன்று. சாம்பல்தீவில் உள்ள உறவினர் ஒருவர் பதிந்து தரச் சொல்லிக் கொடுத்தது. பிழை பிடிபடுவதற்கு முன்பே நான் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் அதை எடுத்துக்கொண்டு பிள்ளைகளிடம் வெளிநாடு போய்விட்டார். வெட்டுப்பட்ட உச்சிகளை அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து ஊகித்து வளைத்துத் தரும் திருத்தக் கருவியை, கூரை 0.56 என்று குறித்துக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். கரகரப்பு நன்றாகவே குறைந்தது. ஆனால் அந்த அடி உண்மையில் எவ்வளவு உயரம் போயிற்று என்பது கோப்பில் எங்கும் இல்லை. கருவி போட்டுத் தருவது அதன் ஊகம். ஆகவே திருத்தியதையும் திருத்தாததையும் இரண்டாக வைத்து, இரண்டின் பெயரிலும் இப்படி எழுதியிருக்கிறேன்: “உச்சி வெட்டுப்பட்ட பதிவு. தட்டு கிடைத்தால் திரும்பப் பதிக.”